யார் கொட்டியது? சத்தமாகச் சொல்லுங்கள்!

"திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல" என்று ஒரு பழமொழி உண்டு. கேட்டிருப்பீர்கள். இருட்டில் ஒரு வீட்டுக்குள் புகுந்த திருடன், நகை இருக்கும் என்று நினைத்துப் பானைக்குள் கையை விடுகிறான். உள்ளே பதுங்கியிருந்த தேள் 'சுரீர்' என்று ஒரு போடு போடுகிறது. உயிர் போகிற வலி! ஆனால், வாய்விட்டுக் கத்த முடியாது. கத்தினால் வீட்டுக்காரர் விழித்துக்கொள்வாரே! பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறான்.

சிரிப்பு வருகிறதா, குட்டீஸ்? ஆனால், இந்தத் திருடனைப் போலவே நடந்துகொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். "கல் குவியல் மேல் ஏறாதே என்று அப்பா சொன்னாரே... இப்போது போய்ச் சொன்னால் முதுகில் நாலு விழுமே!" என்று பயந்து, கொட்டுப்பட்ட விரலை மறைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து விடுவார்கள். தேள் விஷயத்தில் இது மிகவும் ஆபத்தான பழக்கம். ஏன் என்று இந்த வாரம் பார்க்கலாமா?

கீழ்பென்னாத்தூர் பக்கம் போவோம்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில், சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். சுற்றிலும் நெல், கரும்பு, வேர்க்கடலை வயல்கள். வேர்க்கடலை என்றால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது மணிலா, மல்லாட்டை!

இந்த மாதிரி ஊர்களில் ஒரு நாளைக்கு எத்தனை இடங்களில் கை வைக்கிறோம், கால் வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். வரப்பில் வெறுங்காலோடு நடக்கிறோம். மணிலாச் செடியைப் பிடுங்கிக் குவிக்கிறோம். அடுப்புக்கு விறகு எடுக்கிறோம். வீடு கட்டக் கொட்டிய செங்கல்லைப் புரட்டி விளையாடுகிறோம். ராத்திரி மின்சாரம் போனால் இருட்டில் கொல்லைப்புறம் போகிறோம்.

தேளுக்குப் பிடித்த இடங்களும் இவைதான். பகல் முழுவதும் கல்லுக்கு அடியிலும், விறகுக் கட்டுக்குள்ளும், சுவர் விரிசலிலும், தேங்காய் மட்டைக் குவியலிலும் ஒளிந்திருக்கும். இருட்டியதும் இரை தேடி வெளியே வரும். நம்மைத் தேடி வந்து கொட்ட வேண்டும் என்று அதற்கு எந்த ஆசையும் கிடையாது. நம் கை அதன்மேல் பட்டால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கொட்டுகிறது. அவ்வளவுதான்.

உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் பேரைத் தேள் கொட்டுகிறது என்றும், அவர்களில் 3,250 பேருக்கு மேல் இறந்து போகிறார்கள் என்றும் 2008-ம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. தேள் தொல்லை அதிகமுள்ள நாடுகளில் நம் இந்தியாவும் ஒன்று. மெக்சிகோ, பிரேசில், மொராக்கோ போன்ற நாடுகளும் அந்தப் பட்டியலில் உண்டு.

ஒருவரைத் தேள் கொட்டினால் அது அவருடைய வலி. ஊர் ஊராகப் பலரைக் கொட்டினால்? ஆஸ்பத்திரியில் மருந்து இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வர வேண்டும். என்ன செய்வது என்று வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இதைப் 'பொது சுகாதாரப் பிரச்னை' என்கிறார்கள்.

தேள் ஒரு பூச்சியா?

சட்டென்று பதில் சொல்லுங்கள் பார்ப்போம். "பூச்சிதான்" என்றவர்களுக்கு முட்டை மார்க்! பூச்சிகளுக்கு ஆறு கால்கள். தேனீ, குளவி, கதண்டு, எறும்பு எல்லாம் பூச்சிகள். தேளுக்கு எட்டுக் கால்கள். அது சிலந்தியின் சொந்தக்காரர். முன்னால் நண்டு போல இருக்கிற இரண்டு இடுக்கிகளைக் கால் கணக்கில் சேர்க்கக் கூடாது.

தேள் இனம் பூமியில் 40 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. டைனோசர்கள் எல்லாம் அதற்கு வெகுகாலம் பின்னால் வந்த தம்பிகள்! டைனோசர்கள் வந்தன, போயின. தேள் இன்னும் நம் வீட்டு விறகுக் கட்டில் உட்கார்ந்திருக்கிறது.

தமிழ்ப் பெயர் கொண்ட தேள்

நம் ஊரில் பெரிதாக, கன்னங்கரேல் என்று இருக்கும் தேளைப் பார்த்தால் அலறி ஓடுவோம். அதை 'நட்டுவாக்காலி' என்பார்கள். பருத்த இடுக்கிகளோடு பார்க்கவே பயங்கரமாக இருக்கும். கொட்டினால் நன்றாக வலிக்கும். ஆனால், அதைவிட ஆபத்தானவர் வேறு ஒருவர். 5 முதல் 9 செ.மீ. நீளம். செம்பழுப்பு நிறம். மெல்லிய இடுக்கிகள். பருத்த வால். அதுதான் செந்தேள்! இந்தியாவில் தேள் கொட்டி ஏற்படும் மரணங்களுக்கு முக்கியக் காரணம் இந்தச் சின்ன ஆள்தான். உருவத்தைப் பார்த்து எடை போடக் கூடாது என்பது தேளுக்கும் பொருந்தும்.

இந்தச் செந்தேளின் அறிவியல் பெயரில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரீசியுஸ் என்ற பூச்சியியல் அறிஞர் 1798-ம் ஆண்டில் இதற்கு 'தமுலுஸ்' என்று பெயர் சூட்டினார். ஆமாம், தமிழைக் குறிக்கும் பெயர்தான்! அந்தக் காலத்தில் நம் தரங்கம்பாடி டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. அங்கிருந்து பூச்சிகளையும் செடிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பி வந்தார்கள். அப்படித்தான் நம் மண்ணின் பெயர் ஒரு தேளின் வாலில் ஒட்டிக்கொண்டது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

தேளின் வால் நுனியில் ஒரு சின்ன உருண்டை இருக்கும். அதுதான் விஷப்பை. அதன் முனையில் வளைந்த கொடுக்கு. கொட்டியதும் விஷம் உள்ளே இறங்குகிறது.

நம் நரம்புகளில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. செய்தி வரும்போது திறந்து, வேலை முடிந்ததும் மூடிக்கொள்ளும். செந்தேளின் விஷம் அந்தக் கதவுகளை மூட விடாமல் இடுக்கில் கட்டையைச் செருகி விடுகிறது. நரம்புகள் ஓயாமல் கூச்சல் போட ஆரம்பிக்கின்றன. அந்தக் கூச்சலில் 'அட்ரினலின்' போன்ற வேதிப்பொருள்கள் ரத்தத்தில் வெள்ளமாகப் பாய்கின்றன.

நாய் துரத்தினால் நெஞ்சு படபடக்கிறது, உடம்பு வியர்க்கிறது அல்லவா? அது அட்ரினலின் செய்கிற வேலை. நாய் போனதும் படபடப்பு அடங்கிவிடும். செந்தேள் கொட்டினால், நூறு நாய்கள் ஒரே சமயத்தில் துரத்துகிற மாதிரி, அதுவும் மணிக்கணக்கில்! உடம்பு வியர்வையில் குளிக்கும். வாந்தி வரும். கை கால் சில்லிட்டுப் போகும். இதயம் தாறுமாறாகத் துடிக்கும்.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் டியூபை யாராவது மிதித்தால் என்ன ஆகும்? மோட்டார் முக்கி முனகும். அப்படியே விட்டால் மோட்டார் கெட்டுப்போகும். இங்கேயும் அதே கதைதான். அட்ரினலின் வெள்ளத்தில் ரத்தக் குழாய்கள் சுருங்கிப் போகின்றன. இதயம் என்கிற மோட்டார் முக்கி முக்கி ரத்தத்தைத் தள்ளிக் களைத்துப் போகிறது. அப்போது நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுகிறது. இதுதான் உயிருக்கு ஆபத்தான கட்டம்.

பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு ஏன் ஆபத்து அதிகம்? தேளுக்கு ஆள் பெரியவரா, சிறியவரா என்று தெரியாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி விஷத்தைத்தான் செலுத்தும். ஒரு ஸ்பூன் உப்பை ஒரு குடம் தண்ணீரில் போடுவதற்கும், ஒரு டம்ளர் தண்ணீரில் போடுவதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? நீங்கள் டம்ளர்; உங்கள் மாமா குடம்!

நோட்டுப் புத்தகம் வைத்திருந்த டாக்டர்

மகாராஷ்டிராவில் மகாத் என்று ஓர் ஊர். கொங்கண் கடற்கரைப் பகுதியில், ராய்கட் மாவட்டத்தில் இருக்கிறது. செந்தேள்கள் நிறைந்த பகுதி. 1976-ம் ஆண்டு அதன் அருகில் உள்ள பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓர் இளம் டாக்டர் வேலைக்கு வந்தார். அவர் பெயர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சின்னச் சின்ன வேலைகள் பார்த்துக்கொண்டே படித்து டாக்டர் ஆனவர்.

அங்கே அவர் பார்த்த காட்சி அவரை உலுக்கியது. தேள் கொட்டியவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உடம்பெல்லாம் வியர்வை. மூச்சுத் திணறல். எந்த மருந்தும் சரியாக வேலை செய்யவில்லை. மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களில் 100-க்கு 40 பேர் இறந்து போனார்கள். 'தேள் கொட்டினால் இதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது' என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். புத்தகங்களிலும் வழி இல்லை.

பாவஸ்கர் என்ன செய்தார் தெரியுமா? நோயாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, இரவெல்லாம் கண் விழித்துக் கவனித்தார். எத்தனை மணிக்குக் கொட்டியது, வாந்தி வந்ததா, எப்போது வியர்த்தது, நாடித் துடிப்பு எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று எழுதி வைத்தார். அவரிடம் பெரிய ஆய்வகம் எதுவும் கிடையாது. ஆனால், பொறுமையும் பேனாவும் இருந்தன.

எழுதி எழுதிப் பார்த்ததில் ஒரு விஷயம் புலப்பட்டது. ஆபத்து திடீரென்று வருவதில்லை. முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் வருகிறது! வாந்தி, அதிக வியர்வை, சில்லிட்ட கை கால்... இவைதான் அந்த எச்சரிக்கை மணிகள். இதை அவர் 1982-ல் இங்கிலாந்திலிருந்து வெளிவரும் 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் எழுதினார்.

அடுத்து, மருந்து தேடினார். டியூபை மிதித்துக்கொண்டிருக்கும் காலை எடுத்துவிட்டால் மோட்டார் பிழைத்துக்கொள்ளும் அல்லவா? சுருங்கிய ரத்தக் குழாய்களை விரிய வைக்கும் மருந்து வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் 'பிரசோசின்' என்ற சாதாரண மாத்திரை அவர் நினைவுக்கு வந்தது. கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் பிழைத்தார்கள்! அவருடைய மனைவி டாக்டர் பிரமோதினியும் ஆராய்ச்சியில் சேர்ந்துகொண்டார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1986-ல் அதே லான்செட் இதழில் வந்தது. 100-க்கு 40 என்று இருந்த மரணம், காலப்போக்கில் 100-க்கு 1 என்ற அளவுக்குக் குறைந்தது.

அதோடும் அவர்கள் நிற்கவில்லை. தேள் விஷத்துக்கு என்றே தயாரான விஷமுறிவு மருந்தும் வந்தது. மும்பையில் உள்ள ஹாஃப்கைன் நிறுவனம் அதைத் தயாரித்தது. மாத்திரை மட்டும் போதுமா, இதையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லதா? 70 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்துச் சோதித்தார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்கள் குணமாகச் சராசரியாகச் சுமார் 18 மணி நேரம் ஆனது. இரண்டும் பெற்றவர்கள் 8 மணி நேரத்தில் தேறினார்கள். இந்த முடிவு 2011-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியானது. 2022-ம் ஆண்டு டாக்டர் பாவஸ்கருக்கு 'பத்மஸ்ரீ' விருது வழங்கிச் சிறப்பித்தது மத்திய அரசு.

நம் பக்கத்திலும் சும்மா இருக்கவில்லை. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் குழந்தைகள் நல டாக்டர்கள், தேள் கொட்டிக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளைக் கவனித்து ஆராய்ந்து, என்ன சிகிச்சை தர வேண்டும் என்று மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

மந்திரம் பலித்ததா?

"எங்கள் தாத்தாவுக்குத் தேள் கொட்டியபோது மந்திரிச்சாங்க, சரியாப் போச்சே!" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

தேள் கொட்டியவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கொட்டிய இடத்தில் வலி மட்டும்தான் இருக்கும். சில மணி நேரத்தில் அது தானாகவே குறைந்துவிடும். மந்திரித்தாலும் குறையும், மந்திரிக்காவிட்டாலும் குறையும். ஆகவே, பத்துப் பேருக்கு மந்திரித்தால் எட்டு, ஒன்பது பேருக்கு 'பலித்தது' போலத் தெரியும். ஊர் முழுவதும் அந்தப் பேச்சுதான் பரவும். மீதி ஒருவர்? அவருக்கு வியர்க்கிறது, வாந்தி வருகிறது. அவருக்குத் தேவை மருந்து. மந்திரிக்கும் நேரத்தில் அவருக்கான பொன்னான நேரம் கரைந்து போகிறது.

யாருக்கு வெறும் வலி, யாருக்கு ஆபத்து என்று கொட்டிய உடனே நம்மால் சொல்ல முடியாது. வலியை மட்டும் வைத்து அளக்கவும் கூடாது. அதனால்தான் தேள் கொட்டிய எந்தக் குழந்தையையும் ஆஸ்பத்திரியில் காட்டி, சில மணி நேரம் டாக்டரின் கண்ணெதிரில் வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். பாட்டிக்குத் திருப்தி வேண்டும் என்றால் திருநீறு பூசட்டும், தப்பில்லை. ஆனால், அது ஆம்புலன்ஸில் ஏறிய பிறகு இருக்கட்டும்!

தேனீ, குளவி, கதண்டு: இது வேறு கணக்கு

இப்போது ஆறு கால் ஆட்களிடம் வருவோம். தேனீயின் கொடுக்கு, மீன் தூண்டில் முள்ளைப் போலக் கொக்கிகள் கொண்டது. நம் தோலில் குத்தினால் திரும்ப எடுக்க வராது. கொடுக்கும் விஷப்பையும் நம் உடம்பிலேயே தங்கிவிடும். தேனீ பாவம், இறந்துவிடும். அறுந்து விழுந்த அந்த விஷப்பை சும்மா இருக்காது. தொடர்ந்து விஷத்தைப் பாய்ச்சிக்கொண்டே இருக்கும். எனவே, எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டு நிற்காமல், நகத்தால் சட்டென்று கீறி எடுத்துவிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

குளவி, கதண்டு இவற்றின் கொடுக்கு வழவழப்பானது. ஊசி போலக் குத்தி எடுத்து, மறுபடி மறுபடி கொட்டும்.

ஒரு தேனீ கொட்டிய இடத்தில் ஒரு வாசனை கிளம்பும். கிட்டத்தட்ட வாழைப்பழ வாசனை! "எதிரி இங்கே இருக்கிறான், வாருங்கள்!" என்று மற்ற தேனீக்களுக்கு அது கொடுக்கும் தந்தி. ஒன்று கொட்டியதும் கூட்டமாக வந்து மொய்ப்பது இதனால்தான். பாறையிலும் பெரிய மரங்களிலும் கோபுரங்களிலும் கூடு கட்டும் மலைத்தேனீக்கள் இப்படித் துரத்துவதில் கெட்டிக்காரர்கள்.

திருவண்ணாமலையில் இது பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். நூறு ஆண்டுகளுக்கும் முன்பு, ரமண மகரிஷி மலையில் தனியாக நடந்து போனபோது, புதரில் இருந்த குளவிக்கூட்டில் அவருடைய தொடை பட்டுவிட்டது. குளவிகள் கலைந்து வந்து அந்தக் காலையே கொட்டித் தீர்த்தன. "கூட்டைக் கலைத்தது இந்தக் கால்தானே" என்று அவர் ஓடாமல் அப்படியே நின்றாராம். கால் வீங்கி, சில நாட்கள் நடக்கவே சிரமப்பட்டாராம். அவர் மகான், நின்றார். நீங்கள் நிற்காதீர்கள், ஓடுங்கள்! முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, நேராக ஓடி, ஒரு வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். கையை வீசி அடித்தால் கோபம் இன்னும் அதிகமாகும். கிணற்றிலோ குளத்திலோ குதிக்கவே கூடாது. நீச்சல் தெரியாவிட்டால் அது வேறு ஆபத்து. தெரிந்தாலும், தலையை வெளியே நீட்டும்வரை தேனீக்கள் மேலே காத்திருக்கும்.

ஒன்றிரண்டு கொட்டினால் பெரும்பாலும் வலி, வீக்கத்தோடு போய்விடும். நூற்றுக்கணக்கில் கொட்டினால் சிறுநீரகம்கூடப் பாதிக்கப்படும். ஆனால், வெகு சிலருக்கு ஒரே ஒரு கொட்டு போதும், உயிருக்கு ஆபத்து வந்துவிடும். அது விஷத்தின் அளவால் அல்ல, ஒவ்வாமையால்!

இந்த ஒவ்வாமையைக் கண்டுபிடித்ததும் ஒரு சுவையான கதை. 1901-ல் மொனாக்கோ நாட்டு இளவரசரின் கப்பலில் பயணம் செய்த ரிஷே, போர்ட்டியே என்ற பிரெஞ்சு விஞ்ஞானிகள், கடல்வாழ் உயிர்களின் விஷத்தை ஆராயத் தொடங்கினார்கள். ஊர் திரும்பியதும் நாய்களுக்கு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால், உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும் என்று நினைத்தார்கள். ஆனால், நடந்தது தலைகீழ்! முதல் முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவு கொடுத்ததுமே மூச்சுத் திணறி இறந்தது. முதல் முறை நம் உடம்பு 'எதிரி' என்று பதிவு செய்துகொள்கிறது. அடுத்த முறை அளவுக்கு மீறிப் போர் தொடுத்து, நம்மையே வீழ்த்திவிடுகிறது. இதற்கு 'அனாஃபிலாக்சிஸ்' என்று பெயர் வைத்தார்கள். ரிஷேவுக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அறிகுறிகள் என்ன? கொட்டிய இடத்தில் மட்டும் இல்லாமல் உடம்பெங்கும் தடிப்பு, அரிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், தொண்டை அடைத்தல், மூச்சு இழுத்தல், தலைசுற்றி மயக்கம். இவை சில நிமிடங்களிலேயே வரலாம்.

ஒரே பொருள், இரண்டு முகம்!

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கவனமாகப் படியுங்கள்.

தேனீ ஒவ்வாமையில் ரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறி விரிந்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அவரைக் காப்பாற்றும் முதல் மருந்து எது தெரியுமா? அட்ரினலின் ஊசி! அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மூச்சுக் குழாயைத் திறந்துவிடும்.

செந்தேள் கொட்டியவர் உடம்பில் பிரச்னையே அட்ரினலின் அதிகமாகி, ரத்தக் குழாய்கள் சுருங்கியதுதான். அவருக்குத் தேவை அதற்கு நேர்மாறான மருந்து.

பார்த்தீர்களா! ஒருவருக்கு அமுதம், இன்னொருவருக்கு நஞ்சு. அதனால்தான் "என்னமோ கொட்டிடுச்சு" என்று மழுப்பக் கூடாது. எது கொட்டியது, எத்தனை மணிக்குக் கொட்டியது, எந்த இடத்தில் கொட்டியது, அதன்பின் என்ன ஆனது... இந்த நான்கும் டாக்டருக்குத் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. அந்த நான்கும் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்! தேளைப் பார்க்கவில்லை என்றால், "பார்க்கவில்லை" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதைப் பிடித்து டப்பாவில் போட்டுக் கொண்டுபோகப் போய், இன்னொரு கொட்டு வாங்காதீர்கள்.

கொட்டிவிட்டால்...

செய்ய வேண்டியவை:

1. உடனே பெரியவர்களைக் கூப்பிடுங்கள். திட்டு விழும் என்று மறைக்காதீர்கள்.
2. மணி பார்த்து நினைவில் வையுங்கள்.
3. கொட்டிய இடத்தைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றி வையுங்கள்.
4. மோதிரம், வளையல், இறுக்கமான கயிறு இருந்தால் கழற்றிவிடுங்கள். வீங்கினால் கழற்ற முடியாது.
5. ஓடாமல், பதறாமல் இருங்கள். மற்றவர்கள் தூக்கிக்கொண்டோ வண்டியிலோ அழைத்துப் போகட்டும்.
6. 108-க்குப் போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டு முதல் இந்த இலவச ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, அரசு ஆஸ்பத்திரிக்கோ போகலாம். திருவண்ணாமலை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு 2013-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

செய்யக் கூடாதவை:

1. பிளேடால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது.
2. கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. ரத்த ஓட்டம் நின்று கையே கெட்டுப்போகும்.
3. சுண்ணாம்பு, தீக்குச்சி மருந்து, மண்ணெண்ணெய் எதையும் பூசக் கூடாது.
4. "காலையில் பார்த்துக்கலாம்" என்று தூங்கப் போகக் கூடாது.

கொட்டாமல் இருக்க...

* செருப்பு, ஷூ, பள்ளிச் சீருடை எல்லாவற்றையும் உதறிவிட்டு அணியுங்கள். செருப்பில்லாமல் இரவில் வெளியே போகாதீர்கள்.
* கையில் டார்ச் இருக்கட்டும்.
* தரையில் படுப்பவர்கள் பாயை உதறிப் போடுங்கள். கொசு வலை கட்டினால் கொசுவும் வராது, தேளும் வராது.
* விறகு, செங்கல், மட்டை எல்லாவற்றையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காமல் தள்ளி அடுக்கச் சொல்லுங்கள். கல்லைப் புரட்டும்போது கையை அடியில் விடாதீர்கள், குச்சியால் புரட்டுங்கள்.
* தேன்கூட்டிலும் கதண்டுக் கூட்டிலும் கல் எறியும் வீரம் வேண்டாம்! நீங்கள் எறிந்துவிட்டு ஓடிவிடுவீர்கள். பின்னால் வரும் பாட்டியால் ஓட முடியாது. பள்ளியிலோ வீட்டருகிலோ கதண்டுக் கூடு இருந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். 101-க்குப் போன் செய்தால் தீயணைப்புத் துறையினர் வந்து அகற்றுவார்கள்.

தெரியுமா?

* புற ஊதா ஒளி பட்டால் தேள் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் பளபளவென்று ஒளிரும்! இரவில் தேள்களைத் தேடும் ஆய்வாளர்கள் இந்த விளக்கைத்தான் எடுத்துப் போவார்கள்.
* தேள் முட்டையிடாது, குட்டி போடும். குட்டிகள் முதல் சில நாட்கள் அம்மாவின் முதுகிலேயே சவாரி செய்யும்.
* அமெரிக்காவைச் சேர்ந்த ஜஸ்டின் ஷ்மிட் என்ற பூச்சியியல் அறிஞர், பல வகைத் தேனீ, குளவி, எறும்புகளிடம் கொட்டு வாங்கி, எது எவ்வளவு வலிக்கும் என்று 1 முதல் 4 வரை மார்க் போட்டார். தேனீக்கு 2. தென் அமெரிக்கக் காட்டில் வாழும் 'புல்லட் எறும்பு'க்கு முழுசாக 4! 2023-ல் மறைந்தார்.
* கொட்டுகிறதே என்று எல்லாத் தேனீக்களையும் அழித்துவிட முடியாது. பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கொண்டு சேர்த்து மாங்காயும் எள்ளும் பூசணியும் காய்க்கத் துணை நிற்பவர்கள் அவர்கள்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரு சின்ன வேலை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, ஒரு பெரியவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி வாருங்கள். தேள் ஒளியக்கூடிய இடங்கள் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். அருகில் உள்ள அரசு ஆஸ்பத்திரியின் போன் நம்பரையும், 108-ஐயும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டுக் குட்டிப் பாப்பாவிடமும், "ஏதாவது கொட்டினால் உடனே கத்தணும், சரியா?" என்று சொல்லிக் கொடுங்கள். டாக்டர் பாவஸ்கர் தொடங்கியதும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடுதானே!